கையெழுத்துக்கு மட்டும் மகள்

பத்திர ஆபீஸ் வாசல்ல வேல பாக்குறவளுக்கு குடும்பம்னா என்னன்னு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். பத்திரம் எழுதுற கடைல டைப்பிங் பண்றது என் வேல, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு சின்ன ஊரு, நான் உக்காந்திருக்கிற எடத்துல இருந்து பார்த்தா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படி தெரியும். காலைல ஒரே கார்ல வந்து எறங்குற அண்ணன் தம்பிங்க சாயங்காலம் ஆளுக்கொரு பஸ்ல ஏறிப் போறத தெனமும் பாக்குறேன்.

இத ஏன் சொல்றேன்னா, திருநங்கை, திருநம்பி, ரெண்டுலயும் தன்ன சேத்துக்காதவங்கன்னு பேச்சு வந்தாலே எங்க பக்கத்துல யாராவது ஒரு பெரியவர் "அதெல்லாம் நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்து வராதுங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாரு, கூட நாலு பேரு தலையாட்டுவாங்க. எனக்கு இதுல சுத்தமா நம்பிக்க இல்ல. கலாச்சாரம்ங்கிறது மேல போட்டுக்கிற துண்டு மாதிரி தான், எடுத்துப் பாத்தா உள்ள இருக்கிறது கணக்கு. யாருக்கு எத்தன சென்ட்டு, யாரு கொள்ளி வைக்கிறது, யாரு சீர் செய்யறது, அந்தக் கணக்கு.

முதல்ல ஊரப் பத்தி சொல்லிடுறேன். பொண்ணு பொறந்துச்சுன்னா வாசல்ல நின்ன சொந்தமெல்லாம் பேசாம எழுந்து போன பூமி இது. தொட்டில் குழந்தைத் திட்டம்னு 1992-ல சேலத்துல ஆரம்பிச்சாங்களே, கொல்லாதீங்க, தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு, அது 2001-ல தர்மபுரிக்கும் வந்துச்சு. அப்ப கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கெடையாது, 2004-ல தான் பிரிஞ்சோம், அதனால அந்தப் பழியில எங்களுக்கும் சரி பங்கு உண்டு. அதே 2001 கணக்கெடுப்புல, இப்ப தர்மபுரி மாவட்டமா இருக்குற பகுதில, ஆறு வயசு வரைக்கும் உள்ள ஆம்பளப் புள்ளைங்க ஆயிரம் பேருன்னா பொம்பளப் புள்ளைங்க 826. மீதிப் பேரு எங்கன்னு யாரும் சத்தமா கேக்கல. இப்பவும் வீட்டுக்குள்ள ஸ்கேன் மெஷின வச்சுக்கிட்டு ஆணா பொண்ணா சொல்ற கும்பல் புடிபட்டுச்சுன்னு அப்பப்ப பேப்பர்ல வருது. எங்க அத்த பேரு போதும்பொண்ணு. அதுக்கப்புறமும் எங்க பாட்டிக்கு ரெண்டு பொண்ணு பொறந்துச்சு, அது வேற கத.

அப்பேர்ப்பட்ட எடத்துல ஆம்பளப் புள்ளன்னா அது வெறும் புள்ள இல்லீங்க. கொல்லைக்கு (எங்க பக்கம் நெலத்த அப்படித்தான் சொல்வோம்) வாரிசு, சுடுகாட்டுக்கு கொள்ளி, அக்கா தங்கச்சிக்கு தாய்மாமன் சீர், பங்காளி வேலிய நகத்துனா எதுத்து நிக்க ஒரு ஆளு. அந்தப் புள்ள ஒரு நாளு வந்து "நான் ஆம்பள இல்லம்மா"ன்னு சொன்னா வீட்டுக்காரங்க காதுல "எனக்கு மனசு இப்படி இருக்கு"ன்னு விழறதில்ல, போட்ட முதல் மொத்தமும் போச்சுன்னு தான் விழுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க. எழுதட்டுமான்னு கேட்டேன். "பேரு போடாத, ஊரு போடாத, மத்ததெல்லாம் போடு, என் தம்பி படிக்கட்டும்"னாங்க. ரெண்டு பொண்ணுக்கு அப்புறம் எத்தனையோ கோயிலு ஏறி எறங்கிப் பொறந்த மகன்னு நெனச்சு வளத்தாங்க அவங்கள. அவங்களுக்கு அப்புறம் ஒரு தம்பி. பதினேழு வயசுல அப்பா மாட்டுக் கயித்தால அடிச்ச அடில ராத்திரியோட ராத்திரியா ஓசூர் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போயி அங்க ஒரு ஜமாத்துல, அதாவது திருநங்கைங்க சேந்து வாழுற ஒரு குடும்பத்துல, சேந்தாங்க. குரு, குருவுக்கு குருவான நானி, சிஷ்யையான சேலா, கடை கடையா காசு கேக்குறது, சிக்னல்ல நிக்கிறது, அப்புறம் ஆபரேஷன், நாப்பதாம் நாளு பால் ஊத்துற சடங்கு, எல்லாம் அங்க தான். வீட்டுல இவங்க பேர சொல்லவே கூடாதுன்னு இருந்தாங்களாம், ஆனா அம்மா பேங்க் புக்குல மாசாமாசம் காசு ஏறுனத யாரும் திருப்பி அனுப்பல. கூரை வீடு தளம் போட்ட வீடானது அந்தக் காசுல தான்னு ஊருக்கே தெரியும்.

அப்பா செத்தப்ப வந்தாங்க. நானும் எழவுக்குப் போயிருந்தேன். பொம்பளைங்க வட்டமா உக்காந்து மாரடிச்சு அழுதுக்கிட்டு இருக்காங்க, இவங்க வந்து வாசல்ல நிக்கிறாங்க, எங்க போறதுன்னு தெரியல, அப்ப ஒரு கெழவி அழுக நிறுத்தாமலே கைய நீட்டி சீலையப் புடிச்சு இழுத்து பக்கத்துல உக்கார வச்சுக்கிச்சு, வட்டம் கொஞ்சம் நகந்து எடம் விட்டுச்சு, ஒப்பாரி எங்க விட்டுச்சோ அங்கிருந்து தொடந்துச்சு. ஒரு கேள்வி இல்ல, ஒரு விளக்கம் இல்ல. பெரிய பெரிய மேடைல பேசுறவங்கள விட அந்தக் கெழவி தெளிவுன்னு எனக்குத் தோணுச்சு.

பாடை தூக்குறப்ப தான் ஆம்பளைங்க பக்கம் முணுமுணுப்பு. மூத்த மகன் வந்திருக்கானே, கொள்ளி யாரு வைக்கிறதுன்னு ஒருத்தர் கேக்க, பெரியப்பா மொறைல ஒருத்தர் நிமிசத்துல தீர்ப்பு சொல்லிட்டாரு: "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது." தம்பி தான் கொள்ளி வச்சான். அதுக்கு முந்தின நாளு வரைக்கும் இவங்கள பொம்பளன்னு ஒத்துக்காத வாய் அது.

அடுத்த கத பத்திர ஆபீஸ்ல. கொஞ்ச மாசம் கழிச்சு தம்பி எங்க கடைக்கு வந்தாரு, கூட ரெண்டு அக்கா, அவங்க வீட்டுக்காரங்க, அம்மா, கடைசியா இவங்க. நாலு ஏக்கர் முப்பது சென்ட்டு மாங்கொல்லை, ஒரு கெணறு, அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்குனது. தம்பி சொல்றாரு, "அம்மாவும் மூணு அக்காங்களும் எனக்கு விடுதல எழுதிக் குடுக்குறாங்கம்மா, டைப் பண்ணிடு." விடுதலன்னா என் பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற பத்திரம். வாரிசு சர்டிபிகேட்ட வாங்கிப் பாத்தேன், அதுல மகள், மகள், மகன், மகன்னு இருக்கு, மூணாவது எடத்துல பழைய பேரு. "இதுல மகன்னு இருக்கேண்ணா"ன்னேன். "அதெல்லாம் பழசும்மா, இப்ப அது பொண்ணு தான, கலெக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டே வச்சிருக்கு"ன்னாரு.

அக்கா சிரிச்சாங்க. "பாத்தியா, என் தம்பி வாயால அக்கான்னு கேக்க எனக்கு ஒரு முத்திரத்தாள் தேவப்பட்டிருக்கு."

ஏன் இப்படின்னு வெளியூர்க்காரங்களுக்கு புரியாது, சொல்றேன். மகன் ஒருத்தன் தம்பிக்கு பங்க சும்மா விட்டுக் குடுத்தான்னா ஊரு கேக்கும், ஏமாத்திட்டானா, குடிக்க வச்சு வாங்குனானான்னு கேக்கும். மக விட்டுக் குடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க, அது மொற. ஒரு பட்டுச்சீலை, ஒன்னு ரெண்டு பவுனு, ஓட்டல்ல ஒரு பிரியாணி, முடிஞ்சுது. வாரத்துக்கு எத்தன விடுதலப் பத்திரம் என் கை வழியா போகுதுன்னு நெனைக்கிறீங்க, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் விடுறது அக்கா தங்கச்சி, வாங்குறது அண்ணன் தம்பி. என்னோடதயும் நானே தான் டைப் பண்ணேன், எங்கண்ணன் பேருக்கு, எழுத்துப் பிழை இல்லாம.

இதுல பெரிய வேடிக்க என்னன்னா சட்டத்துக்கு இந்த மகன்-மகள் வித்தியாசமே கெடையாது. அப்பா சுயமா சம்பாதிச்சது, உயில் எழுதலன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பொண்டாட்டி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்துல தான் மகளுக்கு வழி இல்லாம இருந்துச்சு, அதையும் தமிழ்நாட்டுல 1989-லயே மாத்தியாச்சு, 2005-ல நாடு முழுக்க மாத்தியாச்சு. ஆக இந்தக் குடும்பத்துல அஞ்சு பேரு, அஞ்சு பங்கு, ஆளுக்கு 86 சென்ட்டு. அக்கா மகனா இருந்தாலும் 86, மகளா இருந்தாலும் 86. இத நான் கால்குலேட்டர்ல போட்டு மேசைல வச்சேன், முதலாளி என்னை ஒரு பார்வ பார்த்தாரு.

அக்கா நேரா தம்பியப் பாத்து கேட்டாங்க: "நான் மகன்னா மகன் பங்க எடுத்து வையி. மகள்னா பெரியக்காவுக்கு செஞ்ச சீரு மொதல்ல எனக்கும் செய்யி, எட்டு பவுனு, பீரோ, கட்டிலு, மாப்பிள்ளைக்கு ஒரு டிவிஎஸ் ஃபிப்டி. மாப்பிள்ள இன்னும் வரல, வண்டிய நானே ஓட்டிக்கறேன். அத செஞ்சிட்டு கையெழுத்து கேளு." பெரியக்கா வீட்டுக்காரரு, பெரிய மாமா, நக்கலா, "மாப்பிள்ள கெடச்சாலும் ரிஜிஸ்டர் ஆவுமா?"ன்னாரு. ஆவும் மாமா. தூத்துக்குடில கோயில்ல கல்யாணம் பண்ண ஒரு ஜோடிக்கு ரிஜிஸ்டர் பண்ண மாட்டேன்னு சொன்ன கேஸ்ல, 2019 ஏப்ரல்ல மதுரை பெஞ்ச்ல ஜி.ஆர். சுவாமிநாதன்ங்கிற ஜட்ஜ், இந்து திருமணச் சட்டத்துல மணமகள்னா திருநங்கையும் அதுல அடக்கம்னு தீர்ப்பு குடுத்துட்டாரு. அத நான் சொன்னதும் மாமா டீ சொல்லப் போயிட்டாரு.

அன்னிக்கு பத்திரம் பதிவாகல. அக்கா கையெழுத்துப் போடல.

அவங்க அந்த சர்டிபிகேட்ட வாங்குன கதையும் சொல்லணும், ஏன்னா ஆன்லைன்ல போட்டுக் குடுத்தது நான் தான். 2014 ஏப்ரல் 15 சுப்ரீம் கோர்ட்டு நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) போட்ட வழக்குல சொன்னது ரொம்ப நேரானது, நீ ஆணா பெண்ணா மூணாம் பாலினமாங்கிறத நீயே சொல்லிக்கலாம், ஆபரேஷன் பண்ணிருக்கணும்னு யாரும் கேக்கக் கூடாது. அப்புறம் 2019-ல பார்லிமெண்ட்டு ஒரு சட்டம் போட்டுச்சு, 2020 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, அதுல மொதல்ல கலெக்டர்கிட்ட விண்ணப்பிச்சு திருநர்னு (திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும் பொதுப் பேரு அது) ஒரு சர்டிபிகேட்டு, ஆணுன்னோ பெண்ணுன்னோ மாத்தணும்னா ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரி பேப்பரக் காட்டி ரெண்டாவதா இன்னொன்னு வாங்கணும்னு வச்சாங்க. கோர்ட்டு குடுத்ததுல பாதிய சட்டம் திருப்பி வாங்கிக்கிச்சுன்னு தான் எனக்குப் படுது. ஆனா அதே சட்டத்துல யாரும் படிக்காத 12-ம் பிரிவுன்னு ஒன்னு இருக்கு, திருநர்ங்கிற காரணத்துக்காக புள்ளைய பெத்தவங்ககிட்ட இருந்து பிரிக்கக் கூடாது, அந்த வீட்டுல இருக்குற உரிமை அவங்களுக்கு உண்டு. பதினேழு வயசுல ஓசூர் பஸ் ஏறுனப்ப இது இல்ல. இருந்திருந்தாலும் மாட்டுக் கயிறு சட்டம் படிக்காது.

சரி, கலாச்சாரத்துக்கு வர்றேன். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா பதினெட்டு நாளு. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்க கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுறது, கடைசி நாளு மண்ணுல ஆள் நீளத்துக்கு பல மடங்கு துரியோதனன செஞ்சு படுக்க வச்சு படுகளம். பொம்பள வேஷம் கட்டுறது பெரும்பாலும் ஆம்பளைங்க தான், தலைமுற தலைமுறையா. துகில் உரியுற ராத்திரி பாஞ்சாலியா நிக்கிறவரு முந்தின நாளு சாயங்காலம் எங்க ஊரு டீக்கடைல பீடி குடிச்சிக்கிட்டு இருந்தவர் தான், ஆனா அந்த நேரத்துல அவரு அம்மன், ஜனங்க சூடம் ஏத்தி கால்ல விழுவாங்க. மாங்கொல்லைக்கு கையெழுத்து கேட்ட அந்தத் தம்பியும் விழுந்து குங்குமம் வாங்குனத நான் பாத்திருக்கேன். விராட பர்வத்துல பெரிய வீரன் அர்ச்சுனனே பிருகன்னளையா சீல கட்டி உத்தரைக்கு ஆட்டம் சொல்லிக் குடுப்பாரு, ஊரே ரசிக்கும். அரவான் களப்பலிக்கு ஊரே அழுவும், ஆனா சித்திரைல கூவாகம் போயி அதே அரவானுக்கு தாலி கட்டிக்கிட்டு மறுநாளு தாலி அறுத்து வெள்ள சீலையோட திரும்பி வர்றவங்களுக்கு ஊருக்குள்ள வாடகைக்கு ஒரு வீடு கெடைக்காது.

கலாச்சாரத்துல எடம் இல்லாமயா இதெல்லாம்? எடம் இருக்கு, தாராளமா இருக்கு. வித்தியாசம் என்னன்னா வேஷக்காரர் விடிஞ்சதும் கொண்டைய அவுத்து வச்சிட்டு, மூஞ்சில எண்ணெயத் தேச்சு அரிதாரத்தக் கழுவிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு தன் கொல்லைக்கு தண்ணி கட்டப் போயிடுவாரு. அவரு பங்குக்கோ, பொண்டாட்டி புள்ளைக்கோ, கொள்ளிக்கோ எந்தக் கேள்வியும் வராது. பங்காளிக்கு பைசா நட்டம் இல்ல. நட்டம் இல்லாதவரைக்கும் ஆம்பள பொம்பளையானா எங்க ஊருக்கு கும்புடக் கூட சம்மதம்.

இதுக்கு இன்னொரு அத்தாட்சி சொல்றேன். சேலத்துக்காரங்க பிரித்திகா யாஷினி, விண்ணப்பத்துலயே எடமில்லன்னு தள்ளுன எஸ்.ஐ. வேலைக்கு ஹைகோர்ட்டு வரைக்கும் போயி 2015-ல ஜெயிச்சு, 2017-ல தர்மபுரி மாவட்டத்துல தான் எஸ்.ஐ.யா வேலைக்கு சேந்தாங்க. நாட்டுலயே மொத திருநங்கை எஸ்.ஐ.ன்னு பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. அன்னிக்கு பஸ்ல என் பக்கத்துல உக்காந்த அம்மா அந்த போட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டு சொல்லுச்சு, "கவுர்மெண்ட்டு வேலன்னா இருந்துட்டுப் போவட்டும், என்னா இப்ப?" அவ்ளோ தான் கலாச்சாரம், பென்சன் வந்துட்டா சரியாப் போயிடும்.

கணக்கு எதிர்ப்பக்கமும் இப்படியே தான் ஓடுது. பொண்ணுன்னு பொறந்து, நான் ஆம்பளன்னு வாழுற ஒரு தம்பி இருக்கான், ஓசூர்ல ஒரு கம்பெனில அசெம்ப்ளி லைன்ல வேல. சின்ன வயசுல கிராப்பு வெட்டிக்கிட்டு, சட்ட போட்டுக்கிட்டு, டிராக்டர் ஓட்டுனப்ப வீட்டுல பெருமை தான், "எம்பொண்ணு ஆம்பளச் சிங்கம்"னு அவங்கப்பா சொல்லாத எடமில்ல. ஆம்பள மாதிரி இருக்குற பொண்ணால வீட்டுக்கு லாபம், கூலி மிச்சம். பதினெட்டு ஆகறதுக்குள்ளயே மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சாங்க (எங்க மாவட்டத்துக்கு இது புதுசா என்ன), அப்ப தான் அவன் வாயத் தெறந்தான். மந்திரிச்சாங்க, தாயத்து கட்டுனாங்க, சரி பண்றேன்னு சொன்ன ஒருத்தர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயி மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க. இப்படி மாத்துறேன்னு மருத்துவம் பண்றதெல்லாம் கூடாதுன்னு 2021 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டு, 2022-ல தேசிய மருத்துவ ஆணையமும் அது டாக்டர் செய்யக் கூடாத தப்புன்னு சொல்லிடுச்சு. இத அவனுக்கு போன்ல அனுப்பி வச்சேன், அவன் வீட்டுல காட்டுனானான்னு தெரியல.

இப்ப அவன் கம்பெனி லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருக்கான், ஏன்னா அந்த லைனுக்கு பொண்ணுங்கள மட்டும் தான் எடுக்குறாங்க. ஐடி கார்டுல ஒரு ஆளு, மனசுல ஒரு ஆளு. பொறுத்துக்கிட்டு சம்பளத்துல பாதிய வீட்டுக்கு அனுப்புறான், அத மகன் காசா வாங்கிக்கிறாங்க. "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கொள்ளி நான் வைக்கிறேன்"னு ஒரு தடவ சொல்லியிருக்கான், அம்மா செருப்பக் கழட்டிருச்சாம். காசுக்கு மகன், கொள்ளிக்கு மகள், நாளைக்கு கையெழுத்துக்கும் மகள். 2011 கணக்கெடுப்புல ஆண், பெண் இல்லாத மூணாவது கட்டத்துல தமிழ்நாட்டுக்கே 22,364 பேருன்னு வந்துச்சு. இவன மாதிரி எத்தன பேரு பெண்ணுங்கிற கட்டத்துக்குள்ள ஹாஸ்டல் பெட்ல படுத்திருக்காங்களோ.

காலேஜ் படிக்கிற புள்ள ஒன்னும் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட வரும். ஆணா பெண்ணான்னு கேக்குற எடத்துல நான் மவுச நிறுத்துனா, "ரெண்டும் வேணாம்க்கா, மூணாவதும் வேணாம், காலியா விட முடியாதா?"ன்னு கேக்கும். விட முடியாது, சைட்டு அடுத்த பக்கம் போகாது. "அப்ப எதையாச்சும் போடுங்கக்கா, எனக்கு காசு வந்தா போதும்"னு சொல்லிட்டு செல்போன் பாக்கும். அதுக்கு இது ஒரு துன்பக் கதையே இல்ல, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு.

மாங்கொல்லை என்னாச்சுன்னு கேப்பீங்க. அக்கா கையெழுத்துப் போடாம போனதுக்கு மறுவாரம் ரெண்டாவது அக்கா தனியா கடைக்கு வந்துச்சு, வீட்டுக்காரருக்குத் தெரியாம. மொகத்த சீலைல மூடிக்கிட்டு கேக்குது, "ஏம்மா, அவ போடலன்னா நானும் போடாம இருக்கலாமா?" இருக்கலாம்க்கா, யாரும் புடிச்சு வச்சு கையெழுத்து வாங்க முடியாது. "போட்டதுக்கப்புறம் வேணாம்னு சொன்னா?" அது கோர்ட்டுக்குப் போகணும், ஏமாத்திட்டாங்கன்னு நிரூபிக்கணும், அதுக்கும் மூணு வருசம் தான் டைம். கேட்டுக்கிச்சு. அடுத்து பெரியக்காவும் போன் பண்ணுச்சு. அந்த வீட்டுல பொண்ணா பொறந்து வளந்த ரெண்டு பேருக்கும் இத்தன வருசம் தோணாத கேள்விய, பொண்ணே இல்லன்னு அடிச்சுத் தொரத்துன ஒருத்தங்க வந்து கெளப்பி விட்டுட்டாங்க.

தம்பி எங்க முதலாளிக்கு போன் போட்டு "உங்க கடை பொண்ணு தான் எங்கக்காங்கள கெடுத்துட்டா"ன்னு கத்துனாராம். எங்கக்காங்கன்னு மூணு பேரையும் சேத்து தான் சொன்னாருன்னு முதலாளி சொன்னாரு.

இப்ப பாகப்பிரிவினைன்னு பேச்சு முடிஞ்சு அஞ்சு ஷெட்யூலா, ஆளுக்கொரு பங்கு விவரமா, டிராஃப்ட் அடிச்சு வச்சிருக்கேன். வாரிசு சர்டிபிகேட்ட புதுப் பேர்ல மாத்த தாசில்தார் ஆபீசுக்கு மனு போயிருக்கு, கெஜட்டு காப்பியும் கலெக்டர் சர்டிபிகேட்டும் வச்சு. மூணாவது ஷெட்யூல்ல புதுப் பேரு, மகள்னு. அத பத்தி இப்ப யாரும் வாயே தெறக்கறதில்ல. சண்டையெல்லாம் கெணத்துக்கு. கெணறு அக்கா பங்குல விழுது, இலவச கரண்ட்டு சர்வீஸ் அப்பா பேருல இருக்கு, தம்பி வாரத்துல நாலு நாளு மோட்டார் போடணும்னு நிக்கிறாரு, அக்கா ரெண்டு நாளுக்கு மேல ஒரு மணி நேரம் கூட கெடையாதுன்னு நிக்கிறாங்க, அம்மா ரெண்டு பக்கமும் திட்டுது. தண்ணி மொறைய எழுதாம டிராஃப்ட்ட முடிக்க முடியாது. சர்வேயர் வர்ற புதன்கிழம வர்றேன்னு சொல்லியிருக்காரு, அவரு சொன்ன நாளைக்கு வந்தா அது தான் அதிசயம்.